இரவலும் புரவலும்

தமிழ்நாட்டு அரசின் கிளை நூலகங்களில் இரண்டு பழைய சொற்கள் அருகருகே வாழ்ந்துகொண்டிருக்கின்றன. புத்தகம் கொடுத்து வாங்கும் இடத்துக்கு இரவல் பகுதி என்று பெயர். சற்றுத் தள்ளிச் சுவரில் ஒரு பலகை. அதன் தலைப்பு புரவலர்கள். ஆயிரம் ரூபாய் கட்டியவர் புரவலர், ஐயாயிரம் கட்டியவர் பெரும் புரவலர் என்று அதற்குள் படிகளும் உண்டு. இந்தச் சொற்களை அங்கே கொண்டுவந்து மாட்டிய அதிகாரிகள் புறநானூற்றைத் திறந்து வைத்துக்கொண்டு மாட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் சொற்களுக்கு ஆட்களைவிட ஞாபகம் அதிகம். புரவலன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் இரவலன் என்று ஒருவன் எதிரே வந்து நின்றாக வேண்டும். ஒருவன் கை மேலே, ஒருவன் கை கீழே. பொது நூலகம் என்ற ஸ்தாபனம் உண்டானதே இந்த இரு கைகளின் உயர்வு தாழ்வை ஒழிப்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். அப்படியானால், அந்த நூலகத்துக்கு உதவ முன்வருகிற நல்ல மனிதர்கள் எந்தக் கையோடு வருகிறார்கள்? மரியாதைக் குறைவான கேள்விதான். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்த மனிதர்கள் கூடியிருக்கும் அமைப்புக்கு நூலகத் துறையில் வாசகர் வட்டம் என்று பெயர். சிறுபத்திரிகை வாசகர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960-களில் தொடங்கிய பதிப்பகமும், 'சாயாவனம்', 'நடந்தாய் வாழி காவேரி' போன்ற அதன் நேர்த்தியான புத்தகங்களும்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதையல்ல; அரசு நூலகங்களைச் சுற்றி அமைந்திருக்கும் வட்டங்களை. ஒரு தலைவர், சில உறுப்பினர்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், உள்ளூர்க் கவிஞர்கள், கூட ஒரு வியாபாரி. திருச்சியில் சிங்காரத்தோப்பை ஒட்டிய மாவட்ட மைய நூலகமானாலும் சரி, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்னக் கிளையானாலும் சரி, வேலை ஏறக்குறைய ஒன்றே. உறுப்பினர் சேர்ப்பது, புரவலர் பிடிப்பது, பீரோவும் மின்விசிறியும் கேட்டு வாங்குவது, நவம்பர் 14-ல் தொடங்கும் தேசிய நூலக வார விழாவுக்குப் பேச்சாளர் தேடுவது. சம்பளம் கிடையாது, அலைச்சல் உண்டு. விழா நாளில் பொன்னாடைகள் புரளும். அன்றைக்குப் பேப்பர் படிக்க வந்தவன் நாற்காலி இல்லாமல் திரும்பிப் போவான். இவர்களைக் கேலி செய்வது சுலபம். நம்மில் பலர் செய்தும் இருக்கிறோம். அந்தச் சுலபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்க்கவேண்டும்.

கொடை இந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல. திருச்சிக்குள் இன்று ஒரு பகுதியாக அடங்கிவிட்ட உறையூர் சோழர்களின் பழைய தலைநகர்; பாணர்கள் பரிசில் தேடிப் போன வாசல். காவிரிக்கு அப்பால், ஸ்ரீரங்கம் கோயிலில், ஹொய்சளர் காலத்தில் ஒருவர் சரஸ்வதி பண்டாரம் அமைத்து, சரஸ்வதி, வேதவியாசர், ஹயக்ரீவர் பிம்பங்களையும் அதில் எழுந்தருளப் பண்ணிய செய்தி கல்வெட்டில் இருக்கிறது. சுவடிகளுக்கென்று ஓர் இடம். எழுநூறு வருஷம் கழித்தும் கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கிறது. அங்கே உட்கார்ந்து படித்தவர் யார், வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் யார் என்பதற்குக் கல்லில் இடமில்லை. கொடையின் இலக்கணமே இதுதான். கொடுத்தவனுக்குப் பெயர் உண்டு. வாங்கியவர்கள் வெறும் பன்மை. கோயில் மண்டபத்து ட்யூப் லைட்டில் உபயதாரர் பெயர் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருப்பதும் அதே மரபுதான். எந்தக் கொடையும் சும்மா வருவதில்லை, வாங்கியவனைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் வருகிறது என்ற பொருளில் மார்ஸெல் மாஸ் 1925-ல் எழுதினார். பாலினீசியத் தீவுகளையும் அமெரிக்கப் பழங்குடிகளையும் ஆராய்ந்து அவர் வந்தடைந்த முடிவு. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லைக் கையில் வைத்திருக்கும் நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமில்லை.

இந்தக் கட்டிலிருந்து புத்தகத்தை அவிழ்க்க முயன்றவர்களும் தொண்டர்கள்தான் என்பது மறந்துபோகிறது. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் அதன் உயிர். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். தஞ்சை ஜில்லாவின் வண்டித் தடங்களில் போன அந்த நூலகம் ஒரு தனி மனிதரின் கொடை. சங்கம் அதைப் பாராட்டிவிட்டு நின்றிருக்கலாம். இன்னும் நூறு கனகசபைப் பிள்ளைகளைத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் அது சட்டம் கேட்டது, வரி கேட்டது. ஏறக்குறைய இருபது வருஷம் கேட்டது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல் சட்டம். சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்படி, அதாவது அரையணா, நூலக வரி. பின்னால் அது ரூபாய்க்குப் பத்துக் காசாக உயர்ந்தது. வண்டி ஓடிய அதே 1931-ல்தான் ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த விதிகளில் புத்தகம் வருகிறது, வாசகன் வருகிறான், வாசகனின் நேரம் வருகிறது, வளர்ந்துகொண்டே போகும் உயிராக நூலகம் வருகிறது. கொடையாளி வரவே இல்லை.

கவிதைக்காரர்களுக்கு வரி என்றால் வேறு பொருள். இந்த வரியையும் கொஞ்சம் மதிக்கலாம் என்பது என் அபிப்ராயம். ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாக இருந்து 1994-ல் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. சித்திரை வீதியில் வீடு வைத்திருப்பவர் மாநகராட்சிக்குக் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் போகிறது. அவர் ஆயுளில் ஒரு புத்தகம் படிக்காதவராக இருக்கலாம். கட்டியாக வேண்டும். அவர் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்து பூக்கட்டி விற்பவள் வாடகைக்குள் தன் பங்கைக் கட்டிவிடுகிறாள். அவளுடைய பெண் நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகம் எடுத்தால் யாரிடமும் இரந்தவளாக மாட்டாள். தன்னுடையதைத் தான் எடுக்கிறாள்.

இரவல் என்ற சொல்லே இங்கே வேறாகிவிடுகிறது. இரந்து பெற்றவன் திருப்பித் தரவேண்டியதில்லை; ஆகவே கடைசிவரை கீழேயே நிற்கிறான். இரவல் வாங்கியவன் தவணைக்குள் திருப்பிக் கொடுக்கிறான். கொடுப்பதும் கொடுத்தவனுக்கு இல்லை, அடுத்து வருகிறவனுக்கு. ஒவ்வோர் இரவலனும் தனக்குப் பின்னால் நிற்பவனுக்குப் புரவலன் ஆகிறான், அவன் முகத்தைப் பார்க்காமலே. திருக்குறளில் இரவு, இரவச்சம் என்று 106-ஆம் 107-ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று இரப்பதில் இழுக்கில்லாத சந்தர்ப்பத்தைச் சொல்கிறது. மற்றது இரத்தலையே அஞ்சச் சொல்கிறது. அந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவில் உள்ள சங்கடத்துக்கு அரையணா வரி ஒரு விடை. மனிதன் தனக்கில்லாததைப் பெறவும் வேண்டும், அதற்காகக் கூனிக்குறுகவும் கூடாது.

இனி பலகைக்கு வரலாம். கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம்: திருப்பித் தரவேண்டிய பணம், செய்தே தீரவேண்டிய கடமை. நூலக வரி இரண்டு அர்த்தத்திலும் கடன். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் நிலுவை வைப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். பத்திரிகைகள் அவ்வப்போது கோடிக் கணக்கில் எழுதுகின்றன, பிறகு மறந்துவிடுகின்றன. இந்த நிலையில் எங்கோ ஒரு கிளையின் கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டத் தலைவர் கடைவீதியில் ஏறி இறங்கிப் பணம் திரட்டி ஓடு மாற்றுகிறார். நல்ல காரியம். அதே சமயம், கடன்பட்டவனுக்குப் பதிலாக வேறொருவர் கடனைத் தீர்த்ததாகவும் ஆகிறது. கடன்பட்டவனுக்கு அது தெரியக்கூட வேண்டியதில்லை. அடுத்த மழையில் ஒழுகும்போது, உங்கள் வட்டத்தில் யாரும் இல்லையா என்ற கேள்வி மேலிருந்து வெகு இயல்பாக வரும். கொடுத்தவர் பெயர் பலகையில் ஏறுகிறது. கொடுக்காதவன் பெயரை எழுதப் பலகை கிடையாது. உழைப்பின் விஷயமும் இப்படித்தான். சரியான ஊதிய விகிதத்துக்காக ஊர்ப்புற நூலகர்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த ஒரு துறையில், சம்பளம் வாங்காமல் உழைக்கிறவரின் தியாகம் சம்பளம் கேட்கிறவரின் வாயை அடைக்கும் ஆயுதமாகவும் பயன்படலாம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்து இருக்கிறது. 1850-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய தேசம். 2010-க்குப் பிறகு அரசாங்கம் செலவைச் சுருக்கத் தொடங்கியபோது நூற்றுக்கணக்கான கிளைகள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கானவை தொண்டர் குழுக்களின் கைக்குப் போயின. மூடாமல் காத்தவர்களின் அன்பில் பொய்யில்லை. ஆனால் ஓய்வூதியமும் ஓய்வும் உள்ளவர்கள் வாழும் ஊரில் குழு அமைவது சுலபம். இரண்டு வேலை பார்த்தும் போதாதவர்கள் வாழும் ஊரில் குழு எங்கிருந்து வரும்? உரிமை எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியது. அன்பு ஊருக்கு ஊர் வேறுபடும். புரவலர்களிலேயே பெரிய புரவலரான ஆண்ட்ரூ கார்னகிக்கு இது ஓரளவு தெரிந்திருந்தது. 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்த அவர், ஊர் இடம் தரவேண்டும், கொடையில் பத்தில் ஒரு பங்கை வருஷாவருஷம் பொதுப் பணத்திலிருந்து நூலகத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார். கொடை வரியை இழுத்துக்கொண்டு வந்தது. அந்த மட்டும் சரி. ஆனால் அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் 1892-ல் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளிகள் சுடப்பட்டார்கள். 1898-ல் அந்த ஆலையின் அருகே அவர் பெயரால் நூலகம் எழுந்தது. கொடுக்கிற கை அதற்கு முன்னால் எதை எடுத்தது என்ற கேள்வி பாக்கி நிற்கிறது.

இவ்வளவுக்கும் வட்டக்காரர்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. லேசான பதிலல்ல. நீங்கள் கொண்டாடுகிற சட்டத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்பார்கள். கேரளத்தில் 1945-ல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்கள் கூடிச் சங்கம் அமைத்தபோது சட்டம் இல்லை. பி.என். பணிக்கர் ஊர் ஊராக அலைந்தார். சட்டம் 1989-ல்தான் வந்தது. வந்த பிறகும் நூலகங்களை ஊர்க்காரர்களே நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் 1933-ல் கே.எம். செல்லப்பா தன் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் பின்னால் நகரத்தின் பொது நூலகமாக வளர்ந்தது. சுமார் 97,000 நூல்களோடு அது 1981-ல் எரிக்கப்பட்டது, காவல் காக்க வேண்டியவர்களின் கண்ணெதிரில். அரசை நம்பு, ஆசாமியை நம்பாதே என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்? நூலகம் எப்போதும் யாரோ ஒருவருடைய திண்ணையில்தானே தொடங்குகிறது?

ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திண்ணை இல்லாமல் கட்டடம் இல்லை. ஆனால் செல்லப்பா செய்ததை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அவருடைய வீட்டு நூலகம் ஊர் நூலகமாகி, உள்ளாட்சியின் பொறுப்புக்குப் போனபோது அவருடைய பெயர் அதிலிருந்து உதிர்ந்தது. உதிர்ந்ததால்தான் அது எரிந்தபோது ஒரு ஜனசமூகமே தன்னுடையது எரிந்ததாக அழுதது. ஒரு புரவலரின் நூலகம் எரிந்திருந்தால் அவருக்கு அனுதாபம் சொல்லியிருப்பார்கள். சென்னை நூலகச் சங்கம் செய்ததும் இதுவே. தொண்டின் உச்சம், தான் கொடுத்ததை மற்றவர்கள் உரிமையாகக் கேட்கும் நிலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு விலகிக்கொள்வது.

விலகியபின் தொண்டனுக்கு வேலை இல்லையா? இருக்கிறது. அங்கேதான் வாசகர் வட்டத்தின் உண்மையான பிரச்னை தொடங்குகிறது. சட்டம் புத்தகம் வாங்கும். எந்தப் புத்தகம் என்பதில் அதற்கு அக்கறையில்லை. நூலக ஆணை என்ற சொல் தமிழ்ப் பதிப்புலகத்தைப் படுத்திய பாடு இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. முடிவு சென்னையில், மூட்டை திருச்சியில் வந்து இறங்குகிறது. கேட்டது வருவது அபூர்வம், கேட்காதது அலமாரி நிறைய. மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக் கையேடுகளோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை வேண்டும், அதில் தப்பில்லை. சில அலமாரிகள் தள்ளி மௌனியோ நகுலனோ இருக்கக்கூடும். இந்த இரு தரப்பையும் அறிமுகப்படுத்தி வைக்கச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

அதியமான் தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. வீட்டில் பசி இல்லாதவரல்ல; அவருடைய வேறு பாடல்களில் அந்தப் பசி தெரியும். இருந்தும், தன்னைப் பார்த்துத் தன் தகுதி அறிந்து கொடுப்பதே பரிசில் என்று அவர் கருதினார். பொது நூலகம் இதற்கு நேரெதிரான மரியாதையைத் தருகிறது. யார் என்று பாராமல் கொடுக்கிறது. ஜாதி, சட்டை, மார்க் எதையும் கேட்பதில்லை. பூக்கட்டுபவளின் பெண்ணுக்கு அது பெரிய விஷயம். ஆனால் பாராமல் கொடுப்பது நாளடைவில் பாராமுகமாகிவிடும். அவள் எதைத் தேடி வந்தாள், கிடைத்ததா, படித்துவிட்டு என்ன நினைத்தாள் என்று ஒருவரும் கேட்காவிட்டால் அந்தச் சமத்துவம் ஒரு வெற்று அறை. கொடுக்கிற வேலை வரியுடையது. பார்க்கிற வேலை வட்டத்துடையது. இந்த இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டதுதான் நம் கோளாறு.

பார்க்கிற வேலைக்கும் நம்மிடம் பழைய பெயர் உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பாணனும் பொருநனும் கூத்தனும் வரும் ஆற்றுப்படைகளில் வழி சொல்கிறவன் புரவலனல்ல. பரிசில் பெற்றுத் திரும்பும் இன்னொரு கலைஞன். எதிரே வாடிப்போய் வருகிறவனிடம், நான் போய் வந்தேன், நீயும் போ, வழி இப்படி என்கிறான். வாங்கியவன் என்ற ஒரே தகுதியில் பேசுகிறான். சி.சு. செல்லப்பா எழுத்து பிரசுரங்களை மூட்டையாகச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனது இந்த ஜாதியைச் சேர்ந்த காரியம். வாரிக் கொடுக்க அவரிடம் பணம் இருக்கவில்லை. படித்தவன் என்ற உரிமை இருந்தது.

இப்படி ஒரு வட்டம் என்ன செய்யும்? முதலில் படிக்கும், படிக்காத வட்டம் வாசகர் வட்டமாகாது. யாரும் எடுக்காத புத்தகம் எது, கேட்டும் வராத புத்தகம் எது என்று தெரிந்து வைத்திருக்கும். வராததை எழுதிக் கேட்கும். கணக்கும் கேட்கும்: நம் ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவிடம் சேர்ந்தது எவ்வளவு? தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. மனுவுக்குப் பத்து ரூபாய். ஆயிரம் ரூபாய்ப் புரவலரைவிடப் பத்து ரூபாய் மனுதாரர் நூலகத்துக்கு அதிகம் கொண்டுவந்து சேர்க்கலாம். அவசரத்துக்குக் கூரையில் ஓடு மாற்றினாலும், அந்தச் செலவை உரியவர் பெயரில் பற்று எழுதி வைக்கும். அண்மை ஆண்டுகளில் அரசே தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்துக்கு வர இயலாத முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள் வீடுகளுக்குத் தொண்டர்கள் புத்தகம் எடுத்துப் போகிறார்கள். புத்தகம் பொதுவுடையது, நடக்கிற கால் தொண்டருடையது. நண்பர் என்ற சொல்லும் பரவாயில்லை. மேல் கை, கீழ்க் கை அதில் இல்லை.

பலகைகளைக் கழற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு வட்டம் பத்து வருஷத்தில் என்ன செய்தது என்று அறிய விரும்புகிறவர் பலகையில் பார்த்துப் பயனில்லை. நூலகப் புத்தகங்களின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதித்தாளைப் பார்க்கவேண்டும். அதில் யார் பெயரும் இருக்காது. ரப்பர் முத்திரையில் தேதிகள் மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்திருக்கும். பல புத்தகங்களில் அந்தத் தாள் ஒட்டிய நாளில் இருந்தபடியே இருக்கிறது.